திசு சொன்னால் அடங்கும் செல்

"கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் தொட்ட இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள்."

மருத்துவர் பேனா முனையால் மெல்லத் தொடுகிறார். நல்ல தோலில் தொட்டபோதெல்லாம் நோயாளியின் விரல் சரியாக அந்த இடத்துக்குப் போகிறது. முன்கையிலுள்ள வெளிறிய தேமலுக்குள் தொட்டபோது விரல் அசையவில்லை. தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. அடுத்து, முழங்கையின் உட்புற எலும்பை ஒட்டி ஓடும் நரம்பை மருத்துவர் விரலால் உருட்டிப் பார்க்கிறார். தடித்திருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா? தொழுநோயைக் கண்டறிய இன்றைக்கும் முதல் சோதனை இதுதான்.

செங்கல்பட்டை அடுத்த திருமணிக்கு இந்தச் சோதனை புதிதல்ல. 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமாகத் தொடங்கி, 1955-இல் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாறிய இடம் அது. 1940-களில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடி மையங்களில் செங்கல்பட்டும் ஒன்று. தொழுநோய் வந்தால் ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றிருந்த காலத்தில், மாத்திரையால் மாற்ற முடியும் என்ற நம்பிக்கை இங்கேயும் முளைவிட்டது.

ஆனால் அந்த மருத்துவர்களை அன்றே உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. ஒரு நோயாளிக்கு ஒன்றிரண்டு தேமல்தான் இருக்கும். விளிம்பு தெளிவாக இருக்கும், உள்ளே உணர்ச்சி அறவே இராது, கிருமியைத் தேடினாலும் அகப்படாது. இன்னொருவருக்கு முகம் மினுமினுக்கும், காது மடல் தடிக்கும், புருவ முடி உதிரும். அவருடைய காது மடலைக் கீறி எடுத்த துளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். ஒரு கிராம் தோலில் நூறு கோடிக்கும் மேல் இருக்கலாம். ஒரே நோய்க்கு எதற்கு இத்தனை எதிரெதிரான இரண்டு முகங்கள்?

கிருமி வேறு வேறா? இல்லை. தொழுநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசை 2001-இல் முதன்முதலாக வெளியானது. அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. அறிவியல் உலகில் அதற்கு 'டி.என்.' என்றே பெயர். பின்னர் 2009-இல் பிரேசில் நாட்டுக் கிருமியை அதனோடு ஒப்பிட்டபோது இரண்டும் 99.995 சதவீதம் ஒன்றாகவே இருந்தன. கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் கிருமி மாறவில்லை. மாறுவது உடல்தான். அதிலும் குறிப்பாக, கிருமி போய் உட்கார்ந்த திசு.

கிளை விரிக்கும் செல்

நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு வெள்ளையணுக்கள் நினைவிருக்கும். அவற்றில் டி செல்கள் என்ற ஒரு வகை, கிருமி நுழைந்த செல்களைத் தேடி அழிக்கும். ஆனால் டி செல் தானாகக் கிளம்பாது. கிருமியின் துண்டு ஒன்றை எடுத்துவந்து அதன் முன்னால் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்வது டென்ட்ரிட்டிக் செல். நான்கு பக்கமும் கிளை நீட்டிக்கொண்டு தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் காத்திருக்கும். ஏதாவது அகப்பட்டதும் அதைத் துண்டாக்கி எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகும். 1973-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் இதை அடையாளம் கண்டார்கள். ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது அறிவிப்புக்குப் பிறகுதான் தெரியவந்தது. பரிசு அவர் பெயரிலேயே நிலைத்தது.

துண்டைக் காட்டுவதோடு டென்ட்ரிட்டிக் செல்லின் வேலை முடிவதில்லை. கூடவே ஒரு சேதியையும் அது சொல்கிறது. இன்டர்லூக்கின்-12 என்ற புரதத்தைச் சேர்த்து வெளியிட்டால் டி செல் சண்டைக்குக் கிளம்பும். இன்டர்லூக்கின்-10 வெளியானால் அதே டி செல் அடங்கிவிடும். மற்ற செல்களை அடக்கும் செல்லாகவே மாறவும் கூடும். இப்படி அடக்கச் சொல்லும் வகையை ஒழுங்குபடுத்தும் டென்ட்ரிட்டிக் செல் என்கிறார்கள்.

அடக்குவது எதற்கு என்று தோன்றலாம். சாப்பிட்ட பருப்பையும் மீனையும், மூச்சில் வந்த மகரந்தத்தையும், நம் உடம்பின் சொந்தப் புரதங்களையும் கண்டு ஒவ்வொரு முறையும் சண்டை மூண்டால் உடல் தாங்காது. முடக்குவாதமும் முதல் வகை நீரிழிவும் அந்த அடக்கம் குலைந்ததால் வரும் நோய்கள்தாம்.

சரி, எங்கே சண்டை, எங்கே அடக்கம் என்று இந்தச் செல்லுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? கிருமியின் தன்மைதான் அதை முடிவு செய்கிறது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் இன்னோர் ஆசிரியரையும் காட்டியிருக்கின்றன. அது திசுவைத் தாங்கி நிற்கும் செல்கள். நார்களை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட், ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல், மேல்தோலைக் கட்டும் கெராட்டினோசைட், நரம்பிழையைச் சுற்றி உறையிடும் சுவான் செல் ஆகியவை அவற்றில் சில. மருத்துவப் புத்தகங்களில் இவை வெறும் சட்டகமாகவே இடம்பெற்றன. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் செழித்த நெல்லை மரக்காணத்து உப்பு நிலத்தில் விதைத்தால் அதே பயிர் எழும்பாது; எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்படும் இளம் செல்லும் எந்தத் திசுவில் இறங்குகிறதோ அதற்கேற்பவே வளர்கிறது.

சென்னை மண்ணீரலிலிருந்து

இதற்கான முதல் தெளிவான சான்று மண்ணீரலில் கிடைத்தது. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் சென்னையில் நடந்தது.

1903-ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனவன், அரசுப் பொது மருத்துவமனையில் மண்ணீரல் வீங்கிக் காய்ச்சலோடு கிடந்த நோயாளிகளைக் கவனித்து வந்தார். எல்லோரும் அதை மலேரியா என்றுதான் எழுதினார்கள். டோனவன் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில், மலேரியாவில் காணாத சிறுசிறு முட்டை வடிவ உடல்களைக் கண்டார். முதலில் இறந்தவரின் உடலிலும், பிறகு உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தியும் அதை உறுதிசெய்துகொண்டார். அதே ஆண்டில் லண்டனிலிருந்து வில்லியம் லீஷ்மனும் இதை எழுதியிருந்ததால், ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று அந்த ஒட்டுண்ணிக்குப் பெயரிட்டார். காலா அசார் எனும் கருங்காய்ச்சலை உண்டாக்குவது அதுதான். பின்னாளில் இந்தியாவில் இந்த நோயின் சுமையை அதிகம் சுமந்தது பீகார்.

நூறாண்டு கழித்து, அதே ஒட்டுண்ணி லண்டனில் ஓர் எலியின் மண்ணீரலுக்குள் இருந்தது. மத்தியாஸ் ஸ்வென்சன், பால் கே உள்ளிட்டோர் மண்ணீரலின் தாங்கு செல்களைத் தனியே பிரித்துத் தட்டில் வளர்த்தார்கள். அதன்மேல் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த இளம் செல்களை விட்டார்கள். கிருமி எதையும் தட்டில் சேர்க்கவில்லை. இளம் செல்கள் டென்ட்ரிட்டிக் செல்களாக வளர்ந்தன. ஆனால் வளர்ந்தவை இன்டர்லூக்கின்-10 சுரந்து டி செல்லை அடக்கும் வகை. ஒட்டுண்ணி தாக்கிய எலியிலிருந்து தாங்கு செல்களை எடுத்துவந்து வளர்த்தபோது இந்த வேலை இன்னும் மும்முரமாக நடந்தது. அதாவது, ஒட்டுண்ணி டென்ட்ரிட்டிக் செல்லை நேரடியாகத் தொடாமலே, அதை வளர்க்கும் திசுவைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்கிறது. அந்தத் தாங்கு செல்கள் சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12, சி.சி.எல்.8 என்ற இரு சமிக்ஞைப் புரதங்கள் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன என்று 2010-இல் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

லண்டன் குழுவின் முதல் கட்டுரை வெளியான அதே 2004-இல் ஷாங்காயிலிருந்து சாவ் ஷுவேதாவின் குழு இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னது. நன்றாக முதிர்ந்து, சண்டைக்கு ஆயத்தமாக இருந்த டென்ட்ரிட்டிக் செல்லை மண்ணீரல் தாங்கு செல்களோடு விட்டார்கள். முதிர்ந்த டென்ட்ரிட்டிக் செல் கொஞ்ச காலத்தில் மடிவதுதான் வழக்கம் என்று பாடம் இருந்தது. இங்கே அது மறுபடி பெருகத் தொடங்கியது. பெருகிய செல்கள் அடக்கும் வகையாக மாறியிருந்தன. 2008-இல் நுரையீரல் தாங்கு செல்களை வைத்தும் அந்தக் குழு இதேபோன்ற மாற்றத்தைக் கண்டது.

மருத்துவத்துக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2010-இல் வந்த ஓர் எலி ஆய்வு பதில் வைத்திருக்கிறது. புற்றுநோய்க்குத் தரும் சுனிட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்து, கருங்காய்ச்சலில் குலைந்துபோன மண்ணீரலின் அமைப்பைச் சீராக்கினார்கள். அதன்பிறகு, வழக்கமான ஆன்டிமனி மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தாலே வேலை செய்தது. ஒட்டுண்ணியைக் குறிவைக்காமல் திசுவைச் சரிசெய்த சிகிச்சை அது. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் இந்தப் பாதைக்கு இன்னும் அதிகப் பணமும் கவனமும் தரவேண்டும்.

கடற்கரை வெயிலில் தோல்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கரையில், விடியுமுன் கடலேறியவர்கள் வெயில் ஏறும்போது திரும்பி, மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து மீனைக் கழிக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் தோலில் நடப்பதும் இதே கதைதான்.

மேல்தோலில் இருக்கும் கிளைச் செல்லை 1868-இல் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் கண்டார். நரம்புச் செல் என்று நினைத்தார். அது எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தது என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. அந்த லாங்கர்ஹான்ஸ் செல் மேல்தோலில் நிலைத்திருப்பதே கெராட்டினோசைட்டின் தயவில்தான். கெராட்டினோசைட் சுரக்கும் இன்டர்லூக்கின்-34 இல்லாத எலிகளின் மேல்தோலில் இந்தச் செல் ஏறக்குறைய இல்லாமலே போனதை 2012-இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின.

வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் படுவதும் கெராட்டினோசைட் மேல்தான். கதிர் பட்டதும் அது தன் மேற்பரப்பில் ரேங்க்-எல் என்ற புரதத்தை நீட்டுகிறது. அதைத் தொட்ட லாங்கர்ஹான்ஸ் செல், அடக்கும் டி செல்களைப் பெருக்குகிறது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் 2006-இல் எலிகளில் இதைக் கண்டார்கள். வெயிலில் வெந்த தோலில் சிதைந்த சொந்தப் புரதங்கள் ஏராளம். அவற்றைக் கண்டு எதிர்ப்பு மண்டலம் பாய்ந்தால் தோலே புண்ணாகும். அதற்கான முன்னெச்சரிக்கையாகத்தான் திசு இப்படி அடக்குகிறது என்று கருதப்படுகிறது. இதற்கு விலையும் உண்டு. நீண்ட வெயிலுக்குப் பிறகு உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளம் கிளம்புவது பலருக்கு அனுபவம்.

அந்தக் கரையிலேயே இன்னொரு தொழில், கல். மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாலையோரப் பட்டறைகளில் உளிச் சத்தத்தோடு இப்போது கிரைண்டர் சத்தமும் கேட்கிறது. கிரைண்டர் கருங்கல்லை உலர்நிலையில் அறுக்கும்போது எழும் வெண்புகை வெறும் தூசியல்ல. அதில் சிலிக்காப் படிகங்கள் உண்டு. நுண்ணிய படிகம் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கும். அதை விழுங்கிய செல்கள் செரிக்க முடியாமல் சாகும். ஃபைப்ரோபிளாஸ்ட் ஓயாமல் நாரை நெய்து தழும்பாக்கும். இதுதான் சிலிக்கோசிஸ். தாங்கு திசு இப்படிக் கெட்டுப்போன நுரையீரலில் காசநோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. முடக்குவாதமும், தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மாவும் சிலிக்காத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு அதிகம் வருவதும் பதிவாகியுள்ளது. கிருமியிடம் தோற்பதும், சொந்த உடம்பையே தாக்குவதும் ஒரே தூசியின் பின்விளைவுகளாக வருகின்றன. தண்ணீர் விட்டு நனைத்து அறுத்தால் புகை பெரிதும் அடங்கும். கடவுளுக்கு உருவம் கொடுக்கும் கைகளுக்கு அந்த ஏற்பாட்டையும் தரமான முகக்கவசத்தையும் செய்துகொடுப்பது பட்டறை முதலாளிக்கும் அரசுக்கும் பெரிய செலவல்ல.

உலகம் உற்றுப் பார்த்த மாவட்டம்

செங்கல்பட்டின் பெயர் உலக மருத்துவப் புத்தகங்களில் 'சிங்கிள்பட் சோதனை' என்று நிலைத்திருக்கிறது. 1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க எடுத்துக்கொண்டது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தை. சோதனை நடந்த கிராமங்கள் இன்றைய திருவள்ளூர் பக்கம் இருக்கின்றன. சுமார் 3.6 லட்சம் பேர் வாழ்ந்த பகுதி அது. யாருக்கு உண்மையான தடுப்பூசி, யாருக்கு வெறும் நீர்மம் என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சளியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது முடிவு.

பிரிட்டனில் பதின்பருவத்தினருக்குப் போட்டபோது முக்கால்வாசிக்கும் மேல் பாதுகாப்புத் தந்த ஊசி இது. இங்கே ஏன் பலிக்கவில்லை? தடுப்பூசி மட்டம், நம் ஊர்க் கிருமி வேறு என்றெல்லாம் பேச்சு எழுந்தது. பலர் ஏற்கும் விளக்கம் வேறு. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான, பெரும்பாலும் தீங்கற்ற மைக்கோபாக்டீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் இருக்கின்றன. சோதனை நடந்த பகுதியின் மண், தண்ணீர், வீட்டுத் தூசியிலிருந்தே அவற்றைப் பிரித்தெடுத்து 1994-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் எழுதினார்கள். வெறுங்காலோடு வயலில் இறங்கி, ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடல், ஊசிக்கு வெகுகாலம் முன்பே இவற்றைப் பார்த்துப் பழகிவிட்டது. பி.சி.ஜி.யால் கூடுதலாகக் கற்பிக்க அதிகம் மிச்சமில்லை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வும் இதற்கு வலுச் சேர்த்தது. மலாவி நாட்டு இளைஞர்களின் ரத்தம் ஊசிக்கு முன்பே மைக்கோபாக்டீரியாவுக்கு எதிர்வினை காட்டியது. ஊசிக்குப் பிறகு பிரிட்டன் இளைஞர்களிடம் கண்ட ஏற்றம் அவர்களிடம் மிகக் குறைவு.

செங்கல்பட்டில் தடுப்பூசி தோற்றது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் அந்தச் சோதனைக்கு அநியாயம் செய்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது, பிறந்ததும் இடது தோளில் போடும் அந்த ஊசியை எவரும் தவிர்க்கக்கூடாது. இந்தச் சோதனை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு: ஊசியில் இருப்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை, அதை ஏற்கும் உடல் எந்த மண்ணில் எப்படிப் பழகியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். சோதனை தொடங்கியபோது டென்ட்ரிட்டிக் செல் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது; அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. கையை நீட்டிய அந்தக் கிராமத்து மக்களுக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

மீண்டும் தொழுநோய்க்கு வருவோம். கிருமி அகப்படாத வகைத் தேமல்களில் டென்ட்ரிட்டிக் செல்கள் நிறைய இருக்கின்றன. கிருமி நிறைந்த வகையில் அவற்றைக் காண்பது அரிது. லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் மோட்லின் குழு பல ஆண்டுகளாக இதைத் துருவி வருகிறது. ரத்தத்திலிருந்து தோலுக்குள் நுழையும் மோனோசைட் என்ற வெள்ளையணு, கிருமியைக் கொல்லும் வகையாக வளர்வதற்கு ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்லிலுள்ள ஜாக்ட்-1 என்ற புரதம் வழிகாட்டுகிறது என்று 2016-இல் கண்டார்கள். நுழைவாயிலிலேயே திசு பாடம் நடத்திவிடுகிறது. நரம்பிலோ, தாங்கு செல்லே கிருமியின் வீடு. சுவான் செல்லுக்குள் குடியேறிய தொழுநோய்க் கிருமி, அதைத் தன் வேலையை மறந்து ஏறக்குறைய ஒரு குருத்தணுவாகவே மாறவைக்கும் என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2013-இல் எலியின் செல்களில் காட்டினார்கள்.

திசுவிடம் கற்ற இந்தப் பாடத்தைச் சிகிச்சையாக்கும் முயற்சியும் நடக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகளைப் பிரித்து, டெக்ஸாமெத்தசோனும் வைட்டமின் டி-யும் சேர்த்து, அடக்கும் வகை டென்ட்ரிட்டிக் செல்லாக வளர்த்தார்கள். நோயாளியின் மூட்டு நீரையே அதற்குக் காட்டி, 10 லட்சம், 30 லட்சம், 1 கோடி என்று செல்களின் எண்ணிக்கையைக் கூட்டி, வீங்கிய முழங்காலுக்குள் நேராகச் செலுத்தினார்கள். பாதுகாப்பானது என்ற அளவில் 2017-இல் முடிவு வந்தது. ஆனால் ஷாங்காய் ஆய்வைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வராமல் போகாது. முதிர்ந்த செல்லையே திசு மாற்றிவிடும் என்றால், அழற்சியில் கொதிக்கும் மூட்டுக்குள் போன செல் எத்தனை நாள் அடக்கத்தோடு இருக்கும்? செல்லைப் பழக்குவதோடு மூட்டின் ஃபைப்ரோபிளாஸ்டையும் அமைதிப்படுத்தினால்தான் இந்தச் சிகிச்சை நிலைக்கும்.

தொழுநோயில் இதன் மறுபக்கம் அன்றாடப் பிரச்சினை. கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில், அடங்கிக் கிடந்த எதிர்ப்பு சில நோயாளிகளிடம் திடீரென்று விழித்துக்கொள்ளும். தேமல்கள் சிவந்து வீங்கும். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படி விழித்த தோலில் கெராட்டினோசைட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் சேர்ந்தே கிருமி கொல்லும் மரபணுக்களை இயக்குவதைக் காட்டியது. தோலுக்கு அது நல்லது. நரம்புக்கு அதே எதிர்ப்பு நாசம். உறைக்குள் வீக்கம் இறுகிச் சில நாளிலேயே விரல் மடங்கும், பாதம் தொங்கும். உடனே பிரட்னிசலோன் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தால், ஆறு மாதத்துக்குள் வந்த பலவீனம் பெரும்பாலும் மீளக்கூடியது. மருந்து சாப்பிடும்போது கை மரத்தாலோ, செருப்பு காலிலிருந்து தானாக நழுவினாலோ, அடுத்த மாத்திரை அட்டை வாங்கும் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.